கவனக்குறைவு யாருடையது?

‘கவனக்குறைவு’ என்னும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மலையகத்து மரப்பட்டறைகளில் எத்தனை விரல்களுக்குக் கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது! வட்டவாளிற் சிக்கிக் கையிழந்த இளைஞன் மருத்துவமனைக் கட்டிலிற் கிடக்கும்போதே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, இயந்திரத்தைச் சென்று பார்த்தவரும் இல்லை. “பையன் கவனமில்லாமல் வேலை செய்தான்” என்கிறார் முதலாளி. “ஆமாம், காலம் அப்படி” என்று தலையசைக்கிறார் அயற்கடைக்காரர். ஈற்றில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நம் முன்னால் வந்து உட்காரும் அவ்விளைஞனே, “என் பிழைதான், ஐயா” என்று பேச்சைத் தொடங்குகிறான். வழக்காட வந்தவனின் வாயாலேயே எதிர்த்தரப்பு வாதத்தைச் சொல்ல வைத்துவிட்டார்களே! இதைவிட முழுமையான வெற்றி அநீதிக்கு வேறு உண்டோ?

அவன் பிழையன்று என்கிறோம் நாம். இரக்கத்தினால் இதைச் சொல்லவில்லை. இயந்திரத்தின் இயல்பையும் சட்டத்தின் வாசகத்தையும் படித்த பின்னரே சொல்கிறோம்.

ஹற்றனிலும் நோர்வூட்டிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் வீதியோரத் தகரக் கொட்டகைகளில் இயங்கும் தளபாடப் பட்டறைகளை வாசகர் அறிவர். ஒரு மோட்டார், ஒரு பட்டி, மரச்சட்டங்களால் உள்ளூரிலேயே அடித்த ஒரு மேசை, அதன் நடுப்பிளவில் மேலெழுந்து நிற்கும் ஒரு வட்டவாள். வேறொன்றும் இல்லை. மேசைக்கு முன்னால் நிற்பவன் பலகையை வாளை நோக்கித் தள்ளுகிறான். அவனுக்கு எதிரேயுள்ள பற்கள் மேலிருந்து கீழாக இறங்குகின்றன. ஆகவே பலகையை மேசையோடு அழுத்துகின்றன. அதுவரை ஆபத்தில்லை. ஆனால் வாளின் பின்புறத்துப் பற்களோ கீழிருந்து மேலே ஏறுகின்றன. அறுபட்ட பலகையின் இரு பாதிகளும் பின்னால் நெருங்கி வாளைக் கவ்வினாலும், பலகை சற்றே கோணலாகி அப்பற்களில் உராய்ந்தாலும், ஏறுகின்ற பற்கள் பலகையை உயரத் தூக்கித் தள்ளியவன் மீதே வீசியெறியும். ‘பலகை திருப்பியடிக்கிறது’ என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான்.

எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது? 12 அங்குல விட்டமுள்ள வாள் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலுமாயின், அதன் பற்கள் மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றன. இது பள்ளிக்கூடக் கணக்கு. விரும்பியவர் போட்டுப் பார்க்கலாம். ஆபத்தைக் கண்டு மனிதன் கையை இழுப்பதற்கு நொடியில் ஐந்திலொரு பங்காவது வேண்டும். அதற்குள் அந்தப் பல் ஒன்பது மீற்றருக்கு மேல் ஓடியிருக்கும். பலகை நெஞ்சிலோ வயிற்றிலோ தாக்குவது ஒரு தீங்கு. கை அழுத்திக்கொண்டிருந்த பலகை திடீரென்று இல்லாமற்போக, அந்த அழுத்தத்தோடேயே கை முன்னோக்கிச் சென்று வாளில் விழுவது அதனினும் கொடிய தீங்கு. இதிலே ‘கவனம்’ எந்த இடத்தில் நின்று என்ன செய்யும்? புத்தனே வந்து மேசைமுன் நின்றாலும் நொடியின் ஐந்திலொரு பங்கை நீட்டிக்கொள்ள முடியுமா?

நம் மலைகளுக்கே உரிய இன்னொரு சங்கதியும் இதிலே உண்டு. இங்கே பட்டறைக்கு வரும் மரத்திற் பெரும்பகுதி என்ன? தேயிலைக்கு நிழலாக வெள்ளைத் துரைமார் நட்ட சபுக்கு; விறகுக்கும் காற்றுத் தடைக்குமாக நட்ட, ‘டர்பன்டைன்’ என்று நம் மக்கள் அழைக்கும் யூக்கலிப்டஸ். இந்த யூக்கலிப்டஸ் வளரும்போதே தன் தண்டுக்குள் ஒரு முறுக்கத்தை அடக்கி வைத்துக்கொண்டு வளரும் மரம். வாள் பட்டதும் அந்த அடக்கம் அவிழ்கிறது; பலகை வளைகிறது, நெளிகிறது, அறுத்த பிளவு தானே மூடிக்கொள்கிறது. நன்றாக உலர்த்தாமல், மழைக்காலத்து ஈரத்தோடு அவசரத்துக்கு அறுத்தால் சொல்லவே வேண்டாம். தச்சு வேலையில் முப்பது ஆண்டு பழகிய ‘பாஸ்’ ஒருவருக்கு இது கைப்பழக்கத்தில் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்னர் லயத்திலிருந்து இறங்கி வந்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இதற்கு மருந்தில்லையா? உண்டு. மிக எளிய மருந்து. வாளுக்குப் பின்னால், வாளின் அதே நேர்கோட்டில், பற்களிலிருந்து அரை அங்குலத்துக்கு மேற்படாத இடைவெளியில், வளைந்த எஃகுத் தகடு ஒன்றை நிறுத்திவிட வேண்டும். வாளின் உடலைவிடச் சற்றுத் தடிப்பாகவும், பற்கள் அறுக்கும் பிளவைவிடச் சற்று ஒடுக்கமாகவும் அது இருக்க வேண்டும். பலகையின் பிளவு மூட முயன்றால் இத்தகடு குறுக்கே நின்று மூடவிடாது. பின்புறப் பற்களில் பலகை சரிந்து உராயவும் விடாது. நாம் இதனைப் பிளவுத் தகடு என்போம். பலகையின் கடைசிச் சாண் நீளத்தைக் கையால் தள்ளாமல் தள்ளுவதற்கு ஒரு மரக்கோலும், வாளின் தலைமேல் ஒரு மூடியும் சேர்ந்தால் காரியம் முடிந்தது. இரும்புப் பட்டறையில் இத்தகட்டை வெட்டி, வளைத்து, துளையிட்டுத் தருவதற்கு அரை நாள் வேலை. ஒரு விரலின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க செலவா அது?

இது நேற்றுக் கண்டுபிடித்த வித்தையுமன்று. இங்கிலாந்தில் 1922ஆம் ஆண்டிலேயே மரவேலை இயந்திரங்களுக்கென்று தனி ஒழுங்குவிதிகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு வட்டவாளின் பின்னாலும் பிளவுத் தகடு நிற்க வேண்டும், தள்ளுகோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று அன்றே சட்டமாக எழுதினார்கள். அந்த ஆண்டை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முந்திய ஆண்டான 1921இலேதான் நம் பாட்டன்மாரைக் கடனோடு சேர்த்துத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய ‘துண்டு’ முறை இந்நாட்டில் ஒழிக்கப்பட்டது. தன் நாட்டுத் தச்சனின் விரலுக்குத் தகடு நிறுத்திய அதே ஆட்சி, இம்மலையிலே மனிதனைத் துண்டுச் சீட்டிலிருந்து அப்போதுதான் விடுவித்திருந்தது. ஆட்சி போய்விட்டது. துரை போய்விட்டார். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பெனிகளின் கைக்குப் போய்விட்டன. தகடு மட்டும் நூறு ஆண்டாகியும் ஹற்றன் மலையேறி வரவில்லை!

இனிச் சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் நம் வாசகர்களில் வழக்கறிஞராயும் ஆசிரியராயும் மருத்துவராயும் உள்ளோர் சற்றுப் பொறுமையோடு செவிசாய்க்க வேண்டும்.

நம் நாட்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். 1937ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்தைப் பார்த்து வார்த்தெடுக்கப்பட்டது. இயந்திரத்தின் ஆபத்தான பகுதி ஒவ்வொன்றும் பாதுகாப்பாக வேலியிடப்பட வேண்டும் என்பது அதன் நடுநாயகமான கட்டளை. நல்ல கட்டளை; கடுமையான கட்டளை. 1955இல் பிரபுக்கள் சபை, ஜோன் சம்மர்ஸ் கம்பெனிக்கும் ஃபுறொஸ்ட் என்னும் தொழிலாளிக்குமிடையே எழுந்த வழக்கிலே, வேலியிட்டால் இயந்திரத்தைப் பயன்படுத்தவே முடியாதாயினும் வேலியிடும் கடமை கடமையே என்று இதே வாசகத்துக்குப் பொருள் கூறிற்று. “மூடி போட்டால் வேலை ஓடாது” என்னும் முதலாளிமார் இதைக் குறித்துக்கொள்வார்களாக.

ஆனால் அதற்கு முன்னரே, 1946இல், அதே பிரபுக்கள் சபை வேறொரு தீர்ப்பை அளித்துவிட்டது. நிக்கல்ஸ் எதிர் ஒஸ்ரின் என்பது அவ்வழக்கின் பெயர். வட்டவாளில் வேலை செய்த பெண்ணொருத்தி. வாளிலிருந்து தெறித்து வந்து தாக்கிய மரத்துண்டு. நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே ஆபத்து. பிரபுக்கள் என்ன சொன்னார்கள்? வேலி என்பது தொழிலாளியின் உடல் இயந்திரத்துக்குள் போகாமல் தடுப்பதற்கே. இயந்திரத்திலிருந்து பொருள் வெளியே பறந்து வருவதைத் தடுப்பதற்கன்று என்றார்கள்! 1961இல் உடைந்த துளையிடு கருவியின் துண்டு கண்ணிற் பாய்ந்த ஒரு தொழிலாளியின் வழக்கிலும் இதையே உறுதிசெய்தார்கள்.

விவசாய நண்பர்களே, உங்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. வேலி ஊர்மாட்டை உள்ளே விடாது. உள்ளிருந்து சீறிவரும் பாம்பை அது என்ன செய்யும்? வட்டவாளிலே மாடும் உண்டு, பாம்பும் உண்டு. சட்டத்தின் வேலி மாட்டுக்கு மட்டுமே போடப்பட்டிருக்கிறது.

அந்நியத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதன்று என்று வாதிடலாம், வாதிடவும் வேண்டும். எனினும் விரலை இழந்தவன் ஒருவன் தன் வாழ்நாளை அந்த வாதத்துக்கு அடகு வைக்கலாமா? இங்கிலாந்துக்காரருக்கு அந்தத் தீர்ப்பினால் பேரிழப்பு நேரவில்லை. வேலி பற்றிய பொதுக்கட்டளைக்கு அப்பால் தகட்டை வேண்டும் 1922ஆம் ஆண்டின் சிறப்பு ஒழுங்குவிதி அவர்களுக்குத் துணை நின்றது. பொதுக்கட்டளை போதாது என்பதை அவர்கள் வரலாறே காட்டிவிட்டது. ஒழுங்குவிதி செய்யும் அதிகாரம் நம் அமைச்சருக்கும் நம் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. பிளவுத் தகடு, மூடி, தள்ளுகோல் இம்மூன்றையும் பெயர் சொல்லிக் குறிக்கும் விதி ஒன்று, தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டு, நாட்டிலுள்ள ஒவ்வொரு வட்டவாளுக்கும் மேலே சுவரில் தொங்க வேண்டும். தமிழிலா என்று கேட்பவருக்கு, நுவரெலியாவும் அம்பகமுவவும் 1999ஆம் ஆண்டிலேயே இருமொழிப் பிரதேச செயலகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை என்பதை நினைவூட்டுகிறோம்.

“இவை சின்னப் பட்டறைகள், தொழிற்சாலைச் சட்டம் இங்கே வராது” என்பது இன்னொரு பாட்டு. கூலிக்கு ஆள் வைத்து உடலுழைப்பால் விற்பனைக்குப் பொருள் ஆக்கப்படும் இடம், நான்கு பேர் நிற்கும் தகரக் கொட்டகையானாலும், தொழிற்சாலையே. தகரம் சட்டத்தைத் தடுக்காது, மழையைத்தான் தடுக்கும், அதையும் அரைகுறையாக!

நட்டஈட்டின் கதை இன்னும் விசித்திரமானது. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். வேலையினாலும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தா என்பதே அது கேட்கும் கேள்வி. யாருடைய பிழை என்று அது கேட்பதேயில்லை. தொழிலாளியின் வெறுங் கவனக்குறைவு முதலாளிக்குத் தப்பும் வழியாகாது. மது மயக்கம், தன் பாதுகாப்புக்கென்று இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புக் கருவியென்று தெரிந்தும் வேண்டுமென்றே அகற்றுதல் ஆகிய இவையே விலக்குகள். ஆகவே முதலாளி ‘கவனக்குறைவு’ என்று சொல்வது சட்டத்தில் எதிர்வாதமே அன்று. ஆனால் அச்சொல் நீதிமன்றத்துக்கென்று சொல்லப்படுவதில்லை, ஐயா. பையனை நீதிமன்றத்துக்குப் போகவிடாமல் தடுப்பதற்கென்றே சொல்லப்படுகிறது.

பாதுகாப்புக் கருவியை அகற்றினான் என்னும் குற்றச்சாட்டையோ எண்ணிப் பாருங்கள். இல்லாத தகட்டை அகற்றியவன் யார்? இருந்த மூடியை, அவசர வேலையென்று சொல்லிக் கழற்றி மூலையிற் போடச் செய்தவர் யார்? “அவன் நாட்கூலி, எங்கள் ஆளில்லை” என்பதும் நிற்காது. தற்காலிக வேலை என்பதோடு, முதலாளியின் தொழிலுக்குப் புறம்பான வேலை என்பதும் சேர்ந்தால்தான் சட்டம் ஒருவனை விலக்கும். மரப்பட்டறையில் மரம் அறுப்பது தொழிலுக்குப் புறம்பான வேலையென்று எந்த நாவால் வாதிடுவார்கள்? வெற்றுத் தாளிற் கையொப்பம் வாங்கிக்கொண்டு ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து ‘இனி எதுவும் கேட்கமாட்டேன்’ என்று எழுதி வாங்குகிறார்களே, சட்டம் தந்த உரிமையை அவ்வாறு துறப்பிக்கும் எழுத்து செல்லாது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்சவரம்பை 550,000 ரூபாவாக்கிற்று. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மேலும் உயர்த்தியதோடு, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் சேர்த்துக்கொண்டது. சட்டப் புத்தகம் தடித்துக்கொண்டே வருகிறது. அதைப் பற்றிக் கேள்விப்படாத இளைஞனின் கையோ குறுகிக்கொண்டே வருகிறது.

இவ்விடத்தில் நம்மவர்களையும் நாம் விடப்போவதில்லை. மலையகத் தொழிற்சங்கங்களின் வரலாறு பெருமைக்குரியது. முல்லோயாவில் 1940இல் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்தது முதல் 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது வரை, அவ்வரலாற்றில் வியர்வையும் இரத்தமும் உண்டு. ஆயினும் சங்கத்தின் கண் எதைப் பார்க்கிறது? செக்ரோலைப் பார்க்கிறது. செக்ரோலில் பெயருள்ளவனிடம் சந்தா பிடிக்கப்படுகிறது. சந்தா கொடுப்பவனுக்காகப் பேச்சுவார்த்தை நடக்கிறது. தோட்ட வேலை வேண்டாமென்று ஹற்றன் பட்டறைக்கும் கொழும்பு மரக்காலைக்கும் போன பிள்ளை யார் கணக்கில்? தோட்டத்துக் கணக்கில் இல்லை, சங்கத்துக் கணக்கிலும் இல்லை. அவன் தாய் கொழுந்து பறிக்கும் மலையில் மட்டும் சங்கத்துக் கொடி பறக்கிறது. நம் மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200ஆம் ஆண்டு நிறைவை 2023இல் ஊரூராகக் கொண்டாடினோம். மேடை போட்டோம், முழங்கினோம். அந்த மேடைப் பலகையை அறுத்தவன் யாரென்று எவரேனும் கேட்டோமா?

1948இல் நம் மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது, அது மலையகத்தான் விவகாரம் என்று ஒதுங்கியிருந்தோர் வடக்கிலும் இருந்தனர். ஒதுங்காது எழுந்து நின்றவர் செல்வநாயகம். அதன் பயனாக 1949இல் ஒரு கட்சியே பிறந்தது. பழைய கதையை ஏன் இழுக்கிறோமென்றால், இன்றும் யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ இருந்து இதை வாசிக்கும் விவசாயி, ‘மலையிலே எவனுக்கோ விரல் போயிற்று’ என்று தாளைத் திருப்பிவிடக் கூடாது என்பதற்காகவே. வன்னியிலே போருக்குப்பின் எழுந்த வீடுகளின் கதவும் சன்னலும் இதே வாளின் வழியாகவே வந்தன. அங்குள்ள மரக்காலைகளில் நிற்போரிலும் கலவரங்களால் மலையகத்திலிருந்து பெயர்ந்து போன குடும்பங்களின் பிள்ளைகள் உண்டு.

பட்டறை முதலாளிமார் எல்லோரும் கொடியவர் என்று நாம் எழுதவில்லை. அவர்களிற் பலர் லயத்திற் பிறந்து, கடனுக்கு மோட்டார் வாங்கி, தாமே வாளின் முன் நின்று அறுப்பவர்கள். தம் விரலையே கொடுத்தவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களிடம் அபராதம் கேட்பதற்கு முன்னர் தகட்டைக் கொடுங்கள் என்று அரசாங்கத்தாரிடம் கேட்கிறோம். தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே மாணவர் கையால் இத்தகடுகளைச் செய்வித்து, செலவு விலைக்குப் பட்டறைகளுக்கு வழங்கினால் எவர் மறுப்பார்? கொடுத்த பின்னும் மாட்டாதவன்மேல் சட்டம் பாயட்டும்.

செல்வம் மிக்க அமெரிக்காவிலேயே மேசை வாளினால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 30,000 பேர் காயமடைந்து அவசரச் சிகிச்சைக்கு வருகின்றனர் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு கணக்கிட்டது. மனிதத் தோல் பட்டவுடன் நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் வாளை நிறுத்திவிடும் பொறியை 1999இல் ஒருவர் கண்டுபிடித்தார். அவர் நம் தொழிலைச் சேர்ந்த ஒரு சட்டத்தரணி என்பதை இங்கே சிறு கர்வத்தோடு குறித்துக்கொள்கிறோம். அதனைப் புதிய வாள்களிற் கட்டாயமாக்க 2017இல் ஆணைக்குழு முன்மொழிந்தது. 2025இல் முன்மொழிவையே கைவிட்டது. பணம் எங்கும் பணந்தான். நாம் அந்த விலையுயர்ந்த பொறியைக் கேட்கவில்லை. 1922ஆம் ஆண்டின் தகட்டைத்தான் கேட்கிறோம்.

அதுவரை விபத்து நேர்ந்தால், துண்டான விரலை எறிந்துவிடாதீர்கள். சுத்தமான ஈரத்துணியிற் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியில் வைத்து உடனே கொண்டுபோங்கள். விரல் பனிக்கட்டியில் நேராகப் படலாகாது. வேலை செய்யும்போது நேர்ந்தது என்பதை மருத்துவமனைப் பதிவில் எழுதச் செய்யுங்கள்; ‘வீட்டில் விழுந்தான்’ என்று எழுதவைக்க யாரேனும் முயன்றால் இணங்காதீர்கள். இயந்திரத்தை மறுநாள் மாற்றியமைப்பதற்கு முன் நான்கு பக்கமும் படமெடுங்கள். வெற்றுத் தாளில் ஒப்பமிடாதீர்கள். கோரிக்கைக்குக் காலவரையறை உண்டு. புண் ஆறட்டும் என்று ஆண்டுக்கணக்கிற் காத்திராதீர்கள்.

பட்டறைகளில் வேலை செய்யும் தோழர்கள் வரும் திங்கட்கிழமை, மின்விசையை நிறுத்திவிட்டு, மேசைக்குப் பின்னால் சென்று குனிந்து பார்க்கட்டும். வாளின் பின்னால் தகடு நிற்கிறதா? இல்லையாயின் பட்டறையின் பெயரையும் ஊரையும், அங்கு வேலை செய்வோர் எத்தனை பேர், அவர்களில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர் என்பதையும் எழுதி இப்பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தொழில் ஆணையாளர் நாயகத்திடம் நாம் கொடுக்கவிருக்கும் மனுவோடு அப்பட்டியல் இணைக்கப்படும். எழுதுவோர் பெயர் எவருக்கும் வெளியிடப்படமாட்டாது.